மரத்தின் மேல் ஒரு புதையல்

(நம் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், சிவில் துறை 2012-ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் சார் போன் செய்து, "தம்பி, வெளிநாட்டு வேலைவாய்ப்பு பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசிடுப்பா" என்றார். அதைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அரங்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால், "சார், மரம் ஏறிப் புதையல் எடுப்பதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பசங்களுக்கு உபயோகமா இருக்குமா?" என்றார். "சர்வேயிங், மெக்கானிக்ஸ், ஸ்ட்ரக்சர்ஸ் மூன்றும் இதில் வருது சார்" என்றேன். உடனே சம்மதித்துவிட்டார். ஆகவே அந்த மூன்று பாடத்தையும் தொட்டுத்தான் பேசவேண்டும். இல்லாவிட்டால் வாக்குத் தவறியவன் ஆகிவிடுவேன்.

நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் பாலங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். சனி, ஞாயிறு வந்தால் கயிறும் ஹெல்மெட்டும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவேன். விளையாட்டின் பெயர் ஜியோகேஷிங். யாரோ ஒருவர் ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டு ஒன்றைப் போட்டு எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் ஊருக்கு அறிவிப்பார். தேடிப் போகிறவர்கள் கண்டுபிடித்து, நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். உள்ளே பொம்மை, பொத்தான் என்று சில்லறைச் சாமான் கிடந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு அதே மதிப்பில் இன்னொன்றைப் போடலாம். அவ்வளவுதான் புதையல். தங்கக் காசை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் மன்னிக்கவும்.

இந்த விளையாட்டுக்குத் தாத்தா முறை ஒன்று உண்டு. 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு கண்ணாடிப் பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் இன்றைய விளையாட்டுக்குத் துல்லியமான பிறந்த தேதியே இருக்கிறது. ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். நூறு மீட்டர் பிழையோடு கப்பல் ஓட்டலாம், டப்பா தேட முடியாது. 2000-ஆம் ஆண்டு மே 1 நள்ளிரவோடு அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. மே 3-ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் என்ற ஊருக்கு அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியை வைத்துவிட்டு அதன் இடத்தை அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு சாப்பாட்டு டின், ஒரு உண்டிவில். சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு மதிப்பெண் போடுவார்கள். கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது ஒன்று, அந்த இடத்தை அடைவது எவ்வளவு கடினம் என்பது இன்னொன்று. இரண்டாவதில் ஒன்று என்றால் சக்கர நாற்காலியில்கூடப் போகலாம். ஐந்து என்றால் தனிச் சாதனம் இல்லாமல் முடியாது. படகு வேண்டும், முக்குளிக்கும் உடுப்பு வேண்டும், அல்லது கயிறு வேண்டும். ஜெர்மனிக்காரர்களுக்கு இந்த ஐந்தின்மேல் தனிப் பிரியம். இருபது மீட்டர் உயரத்தில், பீச் மரத்தின் கிளைக்கவட்டையில் ஒரு டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆணி மட்டும் அடிக்கக்கூடாது. அது விளையாட்டின் விதி.

இப்போது சர்வேயிங். முதலாண்டுத் தம்பி தங்கைகள் கொஞ்சம் கவனிக்கவும்.

அட்சரேகையில் ஒரு மினிட் என்பது ஒரு கடல்மைல், அதாவது 1852 மீட்டர். இந்த விளையாட்டில் இடத்தை மினிட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எழுதுவார்கள். வடக்கு தெற்காக அது 1.85 மீட்டர். கிழக்கு மேற்காக ஸ்டுட்கார்ட்டில் 1.22 மீட்டர்தான், துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவருகின்றன அல்லவா? சென்னையில் அதே அளவு 1.81 மீட்டர். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கருவிக்கு அந்தத் துல்லியம் கிடையாது. திறந்தவெளியில் ஐந்து மீட்டருக்குள் காட்டும் கருவி, கோடையில் இலை அடர்ந்த காட்டுக்குள் போனதும் தடுமாறும். சிக்னல் இலையில் பட்டு, மரத்தண்டில் பட்டு, சுற்றி வளைத்து வந்து சேர்கிறது. அம்புக்குறி ஒருமுறை இடப்பக்கம் காட்டும், மறுமுறை முதுகுப்பக்கம் காட்டும். பதினைந்து மீட்டர் வட்டத்துக்குள் பத்து மரம் நிற்கும். எந்த மரம்?

எங்கள் வழக்கம் இது. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் வட்டமடிக்கமாட்டோம். ஐம்பது மீட்டர் விலகி, வானம் தெரியும் இடத்தில் நின்று, அங்கிருந்து திசைகாட்டியில் ஒரு பேரிங் எடுப்போம். பிறகு வேறு பக்கம் போய் இன்னொன்று. இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கே உள்ள மரம். நம் சர்வே கேம்ப்பில் பிரிஸ்மாட்டிக் காம்பஸ் வைத்துக்கொண்டு வெயிலில் நாம் செய்ததேதான். என்ன, அங்கே சார் திட்டமாட்டார்.

சில டப்பாக்களுக்கு நேரடியாக இடமே தரமாட்டார்கள். "கிராமத்துத் தேவாலயக் கல்வெட்டில் உள்ள ஆண்டைக் கூட்டு, வரும் எண்ணைக் கொண்டு காட்டுச் சந்திப்புக்குப் போ, அங்கிருந்து 214 டிகிரியில் 180 மீட்டர்" என்று விடுகதை போட்டிருப்பார்கள். 180 மீட்டரில் ஒரு டிகிரி பிசகினால் மூன்று மீட்டர் தள்ளிப் போவோம். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஸ்டுட்கார்ட் பக்கம் ஏறக்குறைய நான்கு டிகிரி வித்தியாசம். அதைக் கணக்கில் எடுக்காமல் நடந்தால் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் விலகி வேறொரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். நம்மூரில் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். அதனால்தான் பரீட்சை முடிந்ததும் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

இன்னொரு விஷயம். ஜி.பி.எஸ். உயரத்தைச் சொல்வதில் இன்னும் மோசம். சாட்டிலைட் எல்லாம் நம் தலைக்கு மேலேதான், காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஆகவே செங்குத்தில் வரும் பிழை கிடைமட்டப் பிழையைவிட எப்போதும் கூடுதல். மரத்தடியோடு கருவியின் வேலை முடிந்தது. அதை அணைத்துப் பையில் போட்டுவிட்டுக் கண்ணை உபயோகிக்கவேண்டியதுதான்.

முதலில் கிளையின் உயரம். இதற்குச் செட் ஸ்கொயர் ஒன்று போதும். 45 டிகிரி கோணத்தில் கிளை தெரியும்வரை பின்னால் நடந்து, மரத்துக்கும் நமக்கும் உள்ள தூரத்தை அளந்து, கண் உயரத்தைக் கூட்டினால் கிளையின் உயரம். என் கயிறு 45 மீட்டர். அதை இரட்டையாகப் போட்டு ஏறவேண்டும் என்பதால் இருபது மீட்டருக்கு மேலே இருக்கும் கிளை எனக்கு எட்டாது. இந்தக் கணக்கைக் கீழேயே போட்டுவிடவேண்டும். மேலே போய் இறங்கும்போது கயிறு தரைக்கு எட்டவில்லை என்று தெரிந்து பிரயோசனமில்லை.

கயிற்றை மேலே எப்படிப் போடுவது? முந்நூறு கிராம் எடையுள்ள சின்ன எறிபையில் மெல்லிய நூற்கயிற்றைக் கட்டிக் கிளைக்கு மேலாக வீசுவோம். உயரம் அதிகமானால், ஆளுயரத்தைத் தாண்டிய கம்பின் நுனியில் பூட்டிய பெரிய உண்டிவில். அல்மர் வாளியில் உண்டிவில் போட்டது தீர்க்கதரிசனம் என்று எங்கள் குழுவில் வேடிக்கையாகச் சொல்வோம். நூல் விழுந்ததும் அதைக் கொண்டு கனமான கயிற்றை இழுத்து மேலேற்றவேண்டும். கயிறு நேராக மரப்பட்டையில் உராயக்கூடாது. பீச் மரத்தின் பட்டை மெல்லியது. உள்ளே இருக்கும் கேம்பியம் என்ற உயிர்ப்படலம் தேய்ந்துபோனால் கிளை அந்த இடத்தில் செத்துவிடும். அதனால் இரண்டு வளையம் கோத்த ஒரு வாரைக் கிளையில் போட்டு, அந்த வளையத்தின் வழியாகக் கயிற்றை ஓடவிடுவோம். ஆணி பதித்த பூட்ஸ் போட்டு ஏறுவது வெட்டப்போகும் மரத்துக்கு மட்டும்தான். இப்படி மரத்தை நோகாமல், பொழுதுபோக்குக்காகக் கயிற்றில் ஏறுவதை 1983-இல் அமெரிக்காவில் அட்லான்டா நகரில் பீட்டர் ஜென்கின்ஸ் ஒரு பள்ளியாகவே தொடங்கிச் சொல்லித்தந்தார்.

மெக்கானிக்ஸுக்கு வருகிறேன். இரண்டு முறை இருக்கிறது. இரட்டைக் கயிறு முறையில் கயிற்றின் ஒரு நுனி என் இடுப்புவாரில். கயிறு கிளைக்கு மேலே போய் மறுபக்கம் இறங்கிவருகிறது. அந்த மறுபக்கத்தை ஒரு உராய்வு முடிச்சால் அதே இடுப்புவாரில் பிடித்திருப்பேன். முடிச்சைக் கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகிவிடும். 1931-இல் கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி இப்படிப்பட்ட ஒரு முடிச்சைப் பிரபலப்படுத்தினார். அதன் ஒன்றுவிட்ட தம்பிகளைத்தான் இன்று மரத்தில் பயன்படுத்துகிறோம். என் எடை 75 கிலோ என்றால் கயிற்றின் ஒவ்வொரு பக்கமும் பாதி சுமக்கிறது. கிளையில் விழுவது 75 கிலோதான்.

ஒற்றைக் கயிறு முறையில் கயிற்றின் ஒரு பக்கத்தைக் கீழே மரத்தண்டில் கட்டிவிட்டு மறுபக்கத்தில் நான் ஏறுவேன். வேகமாகப் போகலாம், கையும் வலிக்காது. ஆனால் ஃப்ரீ பாடி டயகிராம் போட்டுப் பாருங்கள். என் பக்கம் 75 கிலோ கீழே இழுக்கிறது; கயிறு சமநிலையில் நிற்கவேண்டுமானால் கட்டிய பக்கமும் 75 கிலோ கீழே இழுக்கவேண்டும். கிளையில் விழுவது 150. பட்டையின் உராய்வைக் கழித்தால் கொஞ்சம் குறையும், நான் துள்ளித் துள்ளி ஏறினால் கூடும். அதே ஆள், அதே கயிறு, அதே கிளை. கட்டுகிற விதத்தில் சுமை இரண்டு மடங்காகிவிட்டது. அந்தக் கயிறு கவட்டையை ஒட்டி விழாமல் கிளையில் ஒரு மீட்டர் தள்ளி விழுந்தால் கான்டிலீவர், பென்டிங் மொமென்ட் என்று மேலும் போகும். நான் இதைப் பேப்பரில் எழுதிக் காட்டியபோது, பல வருஷம் மரம் ஏறிய ஒரு ஜெர்மன் நண்பர் அரைமணி நேரம் நம்பவே இல்லை. தராசு கொண்டுவந்து தொங்கவிட்டுக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

கயிற்றைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஐரோப்பியத் தர விதிப்படி இந்த வகைக் கயிறு குறைந்தது 22 கிலோ நியூட்டன் தாங்கவேண்டும். சுமார் 2200 கிலோ எடை. கயிறு அறுந்து விழுந்தவரை நான் கேள்விப்பட்டதில்லை. தரச்சான்றிதழ் இல்லாமல் இந்த அமைப்பில் இருப்பது ஒன்றுதான். அது மரம்.

பாலத்துக்கு ஜெர்மனியில் டின் 1076 என்ற நெறிமுறை இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை, அதற்கு மூன்று வருஷம் கழித்து ஒரு எளிய பரிசோதனை. எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதற்கு டிராயிங் இருக்கும். மரத்துக்கு டிராயிங் கிடையாது. டப்பாவின் இடம் மாறுவதில்லை. மரம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2018-இலும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் ஜெர்மனியில் கடும் வறட்சி. ஹார்ட்ஸ் மலையில் ஸ்ப்ரூஸ் மரங்கள் பட்டைவண்டு பிடித்து மலை மலையாகச் செத்து நின்றன. பீச் மரங்கள் அப்படி ஒரேயடியாகச் சாகவில்லை. உச்சிக்கிளை மட்டும் உலர்ந்து, எப்போது விழும் என்று தெரியாமல் தொங்கின. பத்து வருஷத்துக்கு முன்னால் நல்ல மரத்தில் கட்டிய டப்பா இன்றும் பட்டியலில் அதே மதிப்பெண்ணோடு இருக்கும்.

ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஷோன்புஹ் என்று ஒரு பெரிய காடு. ஒரு செப்டம்பர் மாதம் நாங்கள் நாலு பேர் அங்கே போனோம். வசந்தத்தில் பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் ஏறமாட்டோம், அதனால்தான் செப்டம்பர். அந்த நாட்டு வனச்சட்டப்படி காட்டில் நடப்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு, அவரவர் பொறுப்பில். கயிறு போடுவது வேறு விஷயம். வனத்துறையாளரிடம் கேட்டுக்கொண்டுதான் போனோம். விடுகதையை அவிழ்க்கவே அரைநாள் ஆயிற்று. கடைசியில் மரத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். பெரிய பீச் மரம், இரண்டு பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். உச்சிவரை பச்சைப்பசேல் என்று இலை. பைனாகுலரில் பார்த்தால் பத்தொன்பது மீட்டர் உயரத்தில் பச்சை டப்பா ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்புகூட ஒருவர் ஏறி எழுதியிருந்தார்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஓய்வுபெற்ற தச்சர். அவர் மேலே பார்க்கவே இல்லை. குனிந்து, வேரோடு தண்டு சேரும் இடத்தில் இருந்த சருகையெல்லாம் கையால் தள்ளிக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தார். வடக்குப் பக்கம் நின்றுவிட்டார். அங்கே பட்டையோடு ஒட்டி, அடுப்புக்கரி அப்பியதுபோலக் கறுப்பாக ஒரு பொருக்கு. பார்த்தால் யாரோ முன்னொரு காலத்தில் நெருப்பு மூட்டிய தடம் என்றுதான் தோன்றும். அது ஒரு பூஞ்சணம். கிரெட்ஸ்மாரியா ட்யூஸ்டா என்று பெயர். மரத்தின் அடித்தண்டையும் வேரையும் உள்ளிருந்து தின்னும். மேலே இலைக்கு ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். ஆனால் கட்டையின் இழை தன் வளையும் குணத்தை இழந்து, பீங்கான் மாதிரி ஆகிவிடும். முறியும்போது முன்னறிவிப்பு இல்லாமல் முறியும்.

சிவில் மாணவர்களுக்கு இது புரியும். இரும்பு அளவாக உள்ள பீம் சாகும்முன் விரிசல் விட்டு, தொய்ந்து, நம்மை வெளியே போகச் சொல்லும். இரும்பு அதிகமாகிப்போன பீம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும். நம் பேராசிரியர் இரண்டாவது வகையை வரையவே விடமாட்டார். அங்கே இரண்டாவது வகை, இலையும் தழையுமாக எங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

தச்சர் மரச்சுத்தியலால் தட்டினார். பாலத்தில் நான் கான்கிரீட்டைத் தட்டிப் பார்ப்பதும் இப்படித்தான். காது பழகிவிட்டால் உள்ளே பொள்ளலா என்று தெரியும். மூன்று பக்கம் கணீரென்றது, வடக்குப் பக்கம் மட்டும் மொத்தையாக ஒரு சத்தம். அவர் சுத்தியலைப் பையில் வைத்துவிட்டு, "சாப்பிடலாம்" என்றார். அவ்வளவுதான், ஏறப்போவதில்லை என்று அர்த்தம்.

எங்களில் இளையவன் ஒருவன், என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவன், விடவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, டப்பா கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் ஏறியிருக்கிறார், நான் அறுபது கிலோதான், இரட்டைக் கயிறில் போகிறேன் என்று கணக்கெல்லாம் சரியாகச் சொன்னான். அவன் கணக்கில் தவறு கிடையாது. தச்சர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "அவர் ஏறியது ஜூலை மரம்" என்றார்.

அன்று பட்டியலில் "எடுக்கவில்லை, மரத்தடியில் பூஞ்சணம்" என்று எழுதிப் படமும் போட்டோம். டப்பாவை வைத்தவர் ஒரு வாரத்தில் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். அந்த மரம் விழுந்துவிட்டதா என்று கேட்பீர்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது நின்றுகொண்டுதான் இருந்தது, டப்பாவும் மேலே ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் தச்சர் சொன்னது தப்பாகிவிடாது. பாலத்தை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போடும்போதும் அதே கதைதான். மூடிய பாலம் விழாமல் நின்றால், எதற்குய்யா மூடினீர்கள் என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

இங்கே கொஞ்சம் ஊர்ப்பக்கம் வருகிறேன். நான் உடன்குடிப் பக்கத்துக்காரன். என் தாத்தா பனையேறி. பதநீர் சீசனில் காலையும் மாலையும் முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குவார். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி. விழுந்தால் பிடிக்கக் கயிறு கிடையாது. நான் இப்படி மரம் ஏறுகிறேன் என்று போட்டோவில் பார்த்துவிட்டு அம்மா போனில் கேட்டார்: "ஏலே, ஒன்ன இன்ஜினியருக்குப் படிக்க வச்சது மரம் ஏறுததுக்கா?" நீங்கள் சிரிக்கிறீர்கள். அம்மா சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. எங்கள் குடும்பம் மரத்திலிருந்து இறங்குவதற்கு இரண்டு தலைமுறை ஆயிற்று. பிழைப்புக்காக ஏறியவர்கள் வீட்டில், பொழுதுபோக்குக்காக ஏறுகிறேன் என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். இருபது மீட்டர் உயரத்துக்கு வேண்டிய தைரியத்தைவிட அது கூடுதல். அம்மாவுக்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது இடுப்புவார், கயிறு எல்லாம் கொண்டுவந்து தாத்தாவோடு ஏறிய பக்கத்துவீட்டுப் பெரியப்பாவிடம் காட்டினேன். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வாரைத் தடவிப் பார்த்தார், கொக்கியைத் திறந்து மூடினார், விலை கேட்டார், சொன்னதும் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "கயிறு எதுல கெடக்கு?" என்றார்.

"கெளையில, பெரியப்பா."

"அந்தக் கெளைய யாரு பாத்தா?"

கீழேயிருந்து பைனாகுலரில் பார்ப்போம், இரண்டு பேர் தொங்கிச் சோதிப்போம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். "நாங்க தெனமும் ஏறுத மரம். அதுக்கு என்ன நோவுன்னு எங்களுக்குத் தெரியும். நீ ஒரு நாளு போற மரம். அது ஒனக்கு அந்நியம்லா" என்றார்.

புதையல் தேடுபவன் எப்போதும் அந்நிய மரத்துக்குத்தான் போகிறான். நான் படித்த எந்தக் கையேட்டிலும் இந்த விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: மரத்தைக் கண்டுபிடித்த பிறகு அரைமணி நேரம் யாரும் பையைத் திறப்பதில்லை. சும்மா சுற்றிவந்து பார்ப்பது. வேர் மண்ணைத் தூக்கியிருக்கிறதா, தண்டில் பொந்து, காளான், புது விரிசல் உண்டா, மேலே உலர்ந்த கிளை எங்காவது மாட்டிக்கொண்டு நிற்கிறதா, மின்கம்பி எவ்வளவு தூரம்.

தனியாக ஏறுவதும் இல்லை. வாரில் அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும். கீழே நிற்பவருக்கு மேலே இருப்பவரை இறக்கத் தெரிந்திருக்கவேண்டும். ஜெர்மன் காடுகளில் மீட்புப் புள்ளி என்று எண் எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள். 112-க்குப் போன் செய்து அந்த எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் எந்தப் பாதையில் வரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். புதையல் இருக்கும் இடம் தெரிந்தால் போதாது, நாம் இருக்கும் இடத்தை இன்னொருவருக்குச் சொல்லத் தெரியவேண்டும். நேவிகேஷனில் எனக்கு இதுதான் முக்கியப் பாடமாகப் படுகிறது.

நம் ஊரில் இதைச் செய்யலாமா என்று நேற்று இரவே ஹாஸ்டல் தம்பிகள் கேட்டுவிட்டார்கள். ரிசர்வ் காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டதை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கென்றே தனி விதி கொண்டுவந்தது. ஆகவே காட்டை விட்டுவிடுங்கள். ரயில் நிலையம், கோயில், கடைவீதி பக்கமும் டப்பா வைக்காதீர்கள். 2011-இல் இங்கிலாந்தில் வெதர்பை என்ற ஊரில் கடைவாசலில் ஒளித்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து, நிபுணர்கள் வந்து வெடிக்கவைத்தே அழித்தார்கள். நம்மூரில் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது நம் கேம்பஸ். அது போதும். இங்கே எனக்குத் தெரிந்து பெரிய மரம் ஏராளம். முருங்கையில் யாரும் ஏறமாட்டார்கள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. குல்மொஹரும் வேண்டாம், அதன் கிளை எளிதில் முறியும். புளியமரம் நல்ல மரம், கிளை வைரம் பாய்ந்தது. பேய் இருப்பதாகச் சொன்னால் அது ஹாஸ்டல் வார்டன் கிளப்பிவிட்ட கதை. ஜெர்மனியில் இல்லாத இரண்டு தொல்லை இங்கே உண்டு. ஒன்று முசுறு, இலையைச் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும் சிவப்பு எறும்பு. நடுக்கயிற்றில் கை இரண்டும் வேலையாக இருக்கும்போது அது சட்டைக்குள் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று பெருந்தேனீ. அடை தெரிந்தால் அந்த மரத்துக்கே போகக்கூடாது.

நாளை காலை ஏழு மணிக்கு, முதல்வர் அவர்களின் அனுமதியோடு, சர்வே லேபுக்குப் பின்னால் உள்ள புளியமரத்தடியில் ஒரு சின்னப் பயிற்சி வைத்திருக்கிறோம். மூன்று டப்பாக்களை ஏற்கெனவே கேம்பஸில் ஒளித்தாயிற்று. இரண்டு தரையில், ஒன்று மேலே. முதல் டப்பாவின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மெஸ் நோட்டீஸ் போர்டில் இன்று மாலை ஒட்டப்படும். பன்னிரண்டு பேருக்குமேல் வேண்டாம். ஷூ போட்டு வாருங்கள், லுங்கியில் வராதீர்கள். லேபிலிருந்து பிரிஸ்மாட்டிக் காம்பஸ் இரண்டு தருவதாகத் துறைத்தலைவர் ஐயா சொல்லியிருக்கிறார். திருப்பித் தரவேண்டும் என்றும் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். எட்டு மணிவரை யாரும் ஏறப்போவதில்லை, மரத்தை மட்டும்தான் பார்க்கப் போகிறோம். பார்த்துவிட்டு, ஏறவேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால், மேலே உள்ள டப்பாவை அடுத்த வருஷச் சந்திப்புவரை அங்கேயே விட்டுவைக்கவும் எனக்குச் சம்மதம்.